செயலாளரின் ஆண்டறிக்கை 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, சாத்தூர், அருப்புக்கோட்டை, ராஜபாளையம், சிவகாசி என்று நாலு பக்கமும் இருந்து வந்திருக்கும் வரி ஆலோசக நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு நடந்த நாட்கள், புதிய உறுப்பினர் பட்டியல், பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பிய தாள்கள் எல்லாம் உங்கள் கையில் உள்ள அச்சுப் பிரதியில் இருக்கின்றன. வரவு செலவைப் பொருளாளர் அண்ணாச்சி படிப்பார். எனக்கு ஒதுக்கிய நேரம் முழுவதையும் நம் வாட்ஸ்அப் குழுவுக்கும் ஆன்லைன் வகுப்புக்குமே செலவிட அனுமதி கேட்கிறேன். இந்த ஆண்டு செயற்குழுவில் அதிகம் பேசியது அதைப் பற்றித்தான்.

போன பொதுக்குழுவில் ஒரு குறை எழுந்தது. குழுவில் யாரும் பேசுவதில்லை, உறுப்பினர்களுக்கு ஆர்வம் போய்விட்டது என்றார்கள். அதைக் குறித்துக்கொண்டு ஏப்ரல் கடைசி வாரத்தில் உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டேன். சாத்தூரிலிருந்து நம்மில் மூத்தவர் ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "தம்பி, குரூப்பை ம்யூட்ல போட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. காலைல திறந்தா முப்பது பூப்படம். அதுக்கு நடுவுல நீங்க போடுற சர்க்குலரை நான் எங்க போய்த் தேடுறது?" என்றார். அடுத்த மூச்சில் மூன்று ஆண்டு தாண்டிய ஜிஎஸ்டி ரிட்டர்னை இனித் தாக்கல் செய்ய முடியாமல் போகப்போவது பற்றி என்னிடம் அரை மணி நேரம் கேள்வி கேட்டார். ஆர்வம் போனவர் இப்படிக் கேட்க மாட்டார். அவருக்குத் தேவையானது எங்கே கிடைக்கும் என்பதை நாம்தான் காட்டத் தவறியிருந்தோம்.

அந்தப் போன் பேச்சுகளில் இன்னொன்றும் தெரியவந்தது. நம் ஆன்லைன் வகுப்பு எப்போதும் இரண்டாம் சனிக்கிழமை மாலை. அதற்குப் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் வந்ததில்லை. ஏன் என்று கேட்டபோது சிவகாசி உறுப்பினர் ஒருவர் காலண்டரைப் பார்க்கச் சொன்னார். இரண்டாம் சனி எந்த மாதமும் 8-ஆம் தேதியிலிருந்து 14-க்குள்தான் விழும். விற்பனை விவரக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1-க்குக் கடைசி நாள் 11. காலாண்டுக் கணக்குக்காரர்களுக்கு 13. அது முடிந்த கையோடு 20-ஆம் தேதி, வரி கட்டும் சுருக்கக் கணக்கான 3பி; காலாண்டுக்காரர்களுக்கு நம் மாநிலத்தில் 22. நம் தொழிலில் மூச்சு விட நேரம் இல்லாத நாளாகப் பார்த்து வகுப்பு வைத்துவிட்டு, யாரும் வரவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தோம். மே மாதத்திலிருந்து வகுப்பைக் கடைசிச் சனிக்கிழமைக்கு மாற்றினோம். அது எந்த மாதத்திலும் 22-க்கு முன்னால் வராது. வருகை உடனே கூடியது. இந்த ஆண்டு செய்த மாற்றங்களில் பத்துப் பைசா செலவில்லாமல் பெரிய பலன் தந்தது இதுதான்.

ஜூமில் பணம் கட்டாமல் நடத்தினால் 40 நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும். பணம் கட்டலாமா என்று செயற்குழு யோசித்தது. வேண்டாம் என்று நான் வாதாடினேன். 40 நிமிடம் என்று தெரிந்தால் பேசுகிறவர் வரவேற்புரை இல்லாமல் நேரே விஷயத்துக்கு வருகிறார். கேட்கிறவரும் கடையடைத்து வீட்டுக்குப் போகும் முன் கேட்டு முடித்துவிடுகிறார். வகுப்பு முடிந்ததும் அதன் சாரத்தை ஐந்து நிமிடக் குரல் பதிவாகப் போடுகிறோம். பஸ்ஸில் போகும்போது கேட்டுக்கொள்கிறேன் என்று பலர் சொன்னார்கள்.

சரி, குழுவுக்கு வருகிறேன். மே மாதச் செயற்குழுவில் அதை மூன்றாகப் பிரித்தோம். அறிவிப்புக் குழுவில் நிர்வாகிகள் மட்டும் எழுதலாம். சந்தேகக் குழுவில் தொழில் கேள்வி மட்டும். மூன்றாவதற்கு நலம் என்று பெயர் வைத்தோம்; பிறந்தநாள், கல்யாணம், துக்கம், பூப்படம் எல்லாம் அங்கே. அந்த மூன்றாவது குழுவே வேண்டாம், வாழ்த்தை அடியோடு தடை செய்யுங்கள் என்று சிலர் சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. ராஜபாளையத்தில் நம் உறுப்பினரின் மனைவிக்கு அறுவை சிகிச்சைக்காக ஓ நெகட்டிவ் ரத்தம் தேவைப்பட்டபோது அவர் கேட்டது அந்தக் குழுவில்தான். அருப்புக்கோட்டை உறுப்பினர் ஒருவர் மதுரையில் படிக்கும் தன் மகனை அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். அவர்கள் இருவரும் அதற்கு முன் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. ஒருவர் வீட்டு நல்லது கெட்டது மற்றவருக்குத் தெரிந்திருப்பதால்தான் நாம் சங்கமாக இருக்கிறோம்.

அறிவிப்புக்கும் ஒரு விதி வைத்தோம். வெறும் பிடிஎஃப் போடக் கூடாது. யாருக்குப் பொருந்தும், எந்தத் தேதியிலிருந்து, நாம் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று வரி தமிழில் எழுதி, அதன்கீழ்தான் போட வேண்டும். சந்தேகக் குழுவுக்கு வாரம் ஒருவர் பொறுப்பு. எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கேள்வியும் ஒரு நாளுக்கு மேல் பதிலில்லாமல் கிடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தெரிந்தவரைப் போனில் பிடித்துப் பதில் எழுத வைக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்குச் சோதனை செப்டம்பரில் வந்தது. 14-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஜூலை 31-லிருந்து நீட்டிக்கப்பட்டிருந்த வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்கு மறுநாள் கடைசி நாள். எல்லோரும் அலுவலகத்தில்தான் இருந்தோம். அப்போது சந்தேகக் குழுவில் செப்டம்பர் 30 வரை நீட்டிப்பு என்று ஒரு செய்தி வந்து விழுந்தது. பத்து நிமிடத்தில் கைதட்டலும் நன்றியுமாகத் திரை நிறைந்துவிட்டது. ஒருவர் தன் அலுவலகப் பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். வாரப் பொறுப்பில் இருந்த நம் இளைய உறுப்பினர் துறையின் தளத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "அறிவிப்பு எதுவும் தளத்தில் இல்லை. யாரும் வேலையை நிறுத்த வேண்டாம்" என்று எழுதினார். மூத்தவர்கள் நிறைந்த குழுவில் அப்படி எழுத மனத்துணிவு வேண்டும். அது பொய்ச் செய்தி என்று வருமான வரித் துறையே எக்ஸ் தளத்தில் அறிவித்தது. வீட்டுக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

மறுநாள் நள்ளிரவை ஒட்டி உண்மையான நீட்டிப்பு வந்தது: ஒரே ஒரு நாள், 16 வரை. இந்த முறை தளத்தில் பார்த்த பிறகே அறிவிப்புக் குழுவில் போட்டோம். வெளியே மற்ற குழுக்களில் அது முன்னமே சுற்றிக்கொண்டிருந்தது. ஆனாலும் நம் குழுவில் வரும்வரை காத்திருந்தேன் என்று எத்தனை பேர் மறுநாள் சொன்னார்கள்! அன்றிலிருந்து தேதி நீட்டிப்புச் செய்தியை அறிவிப்புக் குழுவில் மட்டுமே போடுகிறோம். தீபாவளி அக்டோபர் 20-ஆம் தேதி, அதாவது 3பி கடைசி நாளிலேயே வந்து, பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு அதை 25 வரை நீட்டினார்களே, அப்போதும் அப்படித்தான் செய்தோம்.

அதே செப்டம்பரில்தான் 22-ஆம் தேதி புதிய ஜிஎஸ்டி விகிதங்கள் நடைமுறைக்கு வந்தன. நம் மாவட்டத்தில் அது சிவகாசியைத் தொட்ட விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பள்ளி நோட்டுப் புத்தகத்துக்கு 12 சதவீதம் இருந்தது. அது வரியில்லாததாக மாறியது. நோட்டுப் போடப் பயன்படும் பூசாத காகிதத்துக்கும் வரியில்லை. அதே காகிதம் வேறு வேலைக்குப் போனால் 18. வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவே சிவகாசி உறுப்பினர் ஒருவர் குரல் பதிவு அனுப்பினார். பின்னால் அச்சு இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. தன் கட்சிக்காரரின், அதாவது வாடிக்கையாளரின், அச்சுக்கூடத்திலேயே நின்று பேசினார். "கோடவுன்ல காகிதம் நெறையக் கெடக்கு, முடிச்ச நோட்டும் இருக்கு. எல்லாத்துக்கும் கிரெடிட் எடுத்தாச்சு. இப்ப அந்தக் கிரெடிட் என்ன ஆகும்?" என்று கேட்டார். சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதுதான் கிரெடிட்.

மூன்று பேர் மூன்று விதமாகப் பதில் சொன்னார்கள். இரவு பத்து மணிக்கு மேல், அதுவரை குழுவில் ஒரு வரிகூட எழுதாத பெண் உறுப்பினர் ஒருவர் ஒரு தாளைப் படமெடுத்துப் போட்டார். கையால் எழுதியது. ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 18(4)-இன்படி, ஒரு பொருள் முழுக்க வரிவிலக்குக்கு மாறினால், மாறும் நாளுக்கு முந்தைய நாள் கையிருப்பில் உள்ள சரக்குக்கு எடுத்த வரி வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதற்குப் படிவம் ஐடிசி-03. கீழே காகிதம், அரைகுறை நோட்டு, முடிந்த நோட்டு என்று மூன்று வரிசை போட்டுக் கணக்கும் எழுதியிருந்தார். ஓரத்தில் பென்சிலில், 21-ஆம் தேதி இரவே ஸ்டாக் எடுத்து வைக்கச் சொல்லுங்கள் என்று ஒரு குறிப்பு. அந்த ஒரு குறிப்பால் எத்தனையோ கட்சிக்காரர்களின் இருப்புக் கணக்கு நேரத்தில் எடுக்கப்பட்டது. அந்த மாதக் கடைசிச் சனி வகுப்பை அவரையே எடுக்கச் சொன்னோம். இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று அவரிடம் கேட்டேன். "படிச்சுட்டுதான் சார் இருந்தேன். எனக்குத் தெரிஞ்ச கேள்வி இப்பத்தான் வந்தது" என்றார். பேசாத உறுப்பினரை ஆர்வமில்லாதவர் என்று இந்தச் சங்கத்தில் இனி யாரும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜனவரியிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் 2025-க்குத் தயாரானோம். 1961 சட்டத்தின் எண்கள் நமக்கு வாயில் ஊறிப்போனவை. சேமிப்புக்கு வரிச் சலுகை தரும் 80சி என்றால் கட்சிக்காரருக்கே தெரியும். அது இப்போது 123. சிறு வியாபாரிகளின் வருமானத்தை உத்தேசமாகக் கணக்கிடும் 44ஏடி இப்போது 58. கணக்குத் தாக்கலுக்கான 139 இப்போது 263. சம்பளம் தவிர்த்த டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிரிவுகள் பெரும்பாலும் 393 என்ற ஒரே பிரிவுக்குள் போய்விட்டன. மொத்தம் 536 பிரிவுகள். வாரம் ஒருவர் ஒரு பிரிவை எடுத்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து அரைப் பக்கம் எழுத வேண்டும் என்று பிரித்துக் கொடுத்தோம். கேட்டதற்கு யாரும் மறுக்கவில்லை. 2026 மார்ச் 31 வரையிலான வருமானத்துக்குப் பழைய சட்டம்தான் என்பதால், இந்த சீசனில் இரண்டு சட்டமும் மேஜையில் இருக்க வேண்டும். அந்த அரைப் பக்கங்களைச் சேர்த்துக் கோப்பாக்கிவிட்டோம். அறிவிப்புக் குழுவின் மேலே பின் செய்து வைத்திருக்கிறோம்.

கவலை தரும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சந்தேகம் கேட்கும் அவசரத்தில் கட்சிக்காரரின் நோட்டீஸை அப்படியே படமெடுத்துப் போட்டுவிடுகிறோம். பெயர், பான், விற்றுமுதல் எல்லாம் அதில் தெரிகிறது. ஒரே தெருவில் போட்டிக்கடை நடத்துபவரின் ஆலோசகரும் இதே குழுவில்தான் இருக்கிறார். ஒரு முறை லாகின் பாஸ்வேர்டே வந்துவிட்டது. உடனே நீக்கச் செய்து, கட்சிக்காரருக்கும் சொல்லி மாற்ற வைத்தோம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே வந்துவிட்டது. அந்தச் சட்டமே இல்லாவிட்டாலும், கணக்கை நம்மிடம் கொடுப்பவர் நம்பித்தானே கொடுக்கிறார்? பெயரையும் எண்களையும் மறைக்காத படத்தை வாரப் பொறுப்பாளர் உடனே நீக்கலாம் என்று தீர்மானித்திருக்கிறோம். அப்போது யாரும் மனம் கோண வேண்டாம்.

ஃபேஸ்புக் பக்கம் ஒன்று தொடங்கினோம். நடத்த ஆள் இல்லை, மூடிவிட்டோம். ஸ்மார்ட்போன் பயன்படுத்தாத மூத்தவர்களுக்கு ஆளுக்கொரு இளையவர் வாரம் ஒருமுறை போன் செய்து அறிவிப்புகளைச் சொல்கிறார். இது நன்றாக நடக்கிறது. பேசிப் பேசி, அந்த இளையவர்களில் இருவர் தங்கள் மூத்தவரிடமே தொழில் கற்றுக்கொள்ளப் போகிறார்கள். குழுவில் சுறுசுறுப்பாக எழுதும் இளைஞர்கள் பலர் இந்த மண்டபத்துக்கு மட்டும் வருவதில்லை. அதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. அடுத்த செயற்குழு முதல் வேலையாக இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. மூன்று குழுக்களின் அட்மின் உரிமையும் இன்று என் சொந்த எண்ணில்தான் இருக்கிறது. என் போன் தொலைந்தால் சங்கத்தின் பேச்சும் அறுந்துபோகும். சங்கத்தின் பெயரில் தனி சிம் வாங்கி, பதிவேடுகளையும் முத்திரையையும் ஒப்படைப்பது போல அதையும் செயலாளருக்குச் செயலாளர் ஒப்படைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன். அதையும் சேர்த்து இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வணக்கம்.

செயலாளர்