மேட்டியாக யார் பொருத்தம்?

ஆசிரியருக்கு,

1969-இல் வந்த ‘ட்ரூ கிரிட்’ ஹாலிவுட் படத்தில், அப்பாவைக் கொன்றவனைத் தேடிப் போகும் மேட்டி ராஸாக நடித்த கிம் டார்பி பொருந்தவே இல்லை என்று உங்கள் சினிமா பக்கக் கட்டுரை ஒரேயடியாகத் தள்ளிவிட்டது. சரி, 14 வயதுப் பெண்ணாக இருபதைத் தாண்டியவர் நடிக்கலாமா என்பது நியாயமான கேள்விதான். அதே பெயருள்ள நாவலை வைத்து 2010-இல் மறுபடி எடுத்த படத்தில் மேட்டியாக நடித்தபோது ஹெய்லி ஸ்டைன்ஃபெல்டுக்கு 13 வயது. (படம் முழுக்க வரும் அவரை ஆஸ்கருக்குத் துணை நடிகையாகப் பரிந்துரைத்தார்கள் என்பது தனிக் கூத்து!)

ஆனால் பிடிவாதம் வயதில் மட்டுமா இருக்கிறது? செத்துப்போன அப்பா வாங்கிய குதிரைகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி வியாபாரியோடு மல்லுக்கட்டும் காட்சியை இரண்டு படங்களிலும் பாருங்கள். ஹெய்லி கைதேர்ந்த கணக்குப்பிள்ளை மாதிரி அலட்டாமல் தொகையைச் சொல்கிறார். டார்பி விடாமல் படபடவென்று பொரிகிறார், வக்கீல் பெயரைச் சொல்லி மிரட்டுகிறார். அந்த ஆள் எப்படியாவது இவள் போனால் போதும் என்று இறங்கிவருவதை நம்ப முடிகிறது.

எனக்கும் அந்தப் பழைய படத்தின் மீது குறை உண்டு. நாவலில் பாம்புக்கடியால் கையை இழக்கிறாள் மேட்டி. அந்தப் படமோ கையை விட்டுவைத்துவிட்டது. அதற்கு டார்பி என்ன செய்வார்?

- ஒரு வாசகி, திருநெல்வேலி