நோன்புக் காலத்தில் ஒரு சாப்பாட்டுப் பயணம்

மதுரை,
மார்ச் 2026

அன்புள்ள ராஜிக்கு,

உன் கடிதம் வந்தது. மாப்பிள்ளைக்குப் புனேவுக்கு மாற்றல் என்று படித்ததும் உன்னைவிட உன் பேரனைத்தான் முதலில் நினைத்துக்கொண்டேன். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். முதலில், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டா தனியாகக் கிளம்பினாய் என்று நீ கேட்ட கேள்விக்குப் பதில்: இல்லை, வீட்டில் சண்டை ஒன்றும் கிடையாது.

என் வீட்டுக்காரரைத்தான் உனக்குத் தெரியுமே. நாலுவழிச் சாலை மனிதர். மதுரையில் ஏறினால் கன்னியாகுமரியில்தான் இறங்குவார். நடுவில் ஒரு காபிக்கு நிறுத்தினால் அதுவே பெரிய சலுகை. கடலோரமாகவே ஒருதரம் போய் வரலாம் என்று எத்தனையோ வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். போன மாதம் அவர் அண்ணனோடு காசிக்குக் கிளம்பினார். நான் நம்ம பழைய வேகன்ஆருக்குக் காற்றடித்து, பெட்ரோல் போட்டு, ராமநாதபுரம் பக்கம் வண்டியைத் திருப்பிவிட்டேன். தனுஷ்கோடியில் ஆரம்பித்து, கடலை இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டு முட்டம் வரைக்கும். பசித்த இடத்தில் அந்த ஊர் சாப்பிடுவதைச் சாப்பிடுவது. திட்டம் அவ்வளவுதான்.

ஆனால் நான் கிளம்பிய நேரத்தைப் பார். இந்த வருஷம் தவக்காலமும் ரமலான் நோன்பும் பிப்ரவரி 18, 19 என்று அடுத்தடுத்த நாளில் தொடங்கின. திருச்செந்தூரில் மாசித் திருவிழா வேறு. வயிறாரச் சாப்பிடலாம் என்று நான் போன கரை முழுக்க யாராவது ஒருத்தர் ஏதாவது ஒரு விரதத்தில் இருந்தார்கள்! முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் அதுவே நல்லதாகப் போயிற்று, சொல்கிறேன்.

தனுஷ்கோடியைப் பற்றி நிறைய எழுதப் போவதில்லை. பாம்பனில் புது ரயில் பாலம் போன வருஷம் திறந்தார்கள் அல்லவா, கப்பல் வந்தால் அதன் நடுத்துண்டு அப்படியே நேராக மேலே எழும்புமாம். 1914-ல் திறந்த பழைய பாலம் இரண்டாகப் பிளந்து கை தூக்கியதை நாம் ஸ்கூல் டூரில் பார்த்தோமே, அந்த அழகு இதற்கு வருமா தெரியவில்லை. நான் போனபோது கப்பல் எதுவும் வரவில்லை. அரிச்சல்முனையில் வலது பக்கம் ஆண் கடல் குமுறிக்கொண்டிருந்தது, இடது பக்கம் பெண் கடல் குளம் மாதிரி கிடந்தது. ஒரே தார் ரோட்டில் நின்று இரண்டையும் பார்க்கலாம். 1964 புயலில் போன ஸ்டேஷனும் சர்ச்சும் சுவராக நிற்கின்றன, அதன் முன்னால் வரிசையாகப் பாசிமணிக் கடை. அங்கே பொரித்த மீனில் மீனைவிடச் சிவப்புப் பொடிதான் அதிகம். பாதியில் வைத்துவிட்டேன்.

ராமேஸ்வரத்தில் ஒரு விடுதியில், "சிங்கிள் லேடீஸுக்கு ரூம் குடுக்கிறதில்ல மேடம்" என்று சொல்லிவிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயசில், பேத்தி எடுத்த பிறகு, நான் என்ன செய்துவிடுவேன் என்று பயந்தார்களோ! அடுத்த தெருவில் ஒரு பெரியவர் ஆதாரை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு வேலை செய்தேன். "கூட யாரும் வரலியா?" என்று எவர் கேட்டாலும், "பின்னாடி வண்டியில வர்றாங்க" என்று சொல்லிவிடுவது. கன்னியாகுமரி வரைக்கும் அந்தப் பின்வண்டி வந்து சேரவில்லை, யாரும் கவலைப்படவும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லாரும் இந்தக் கரையின் இரண்டு முனையை மட்டும் பார்த்துவிட்டு வருகிறோம், ராஜி. தனுஷ்கோடியில் ஒரு போட்டோ, குமரியில் ஒரு போட்டோ. பார்க்க வேண்டியதும் தின்ன வேண்டியதும் நடுவில்தான் இருக்கிறது.

கீழக்கரையில் நுழைந்தபோது நண்பகல். கடைத்தெரு பாதி சாத்தியிருந்தது. திறந்திருந்த ஒரு மிட்டாய்க் கடையில் தொதல் கேட்டேன். கடைக்காரர் நோன்பு. எனக்கு ருசி பார்க்க ஒரு துண்டு வெட்டிக் கொடுத்துவிட்டு, நான் தின்று முடிக்கும் வரைக்கும் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். கறுப்பாக, பளபளவென்று, கையில் எண்ணெய் ஒட்டும். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசி மாவும் மணிக்கணக்கில் கிண்டியது. இதே பண்டம் இலங்கையிலும் உண்டு, மலேசியாவில் 'டோடோல்' என்கிறார்கள். கடல் வாணிபம் செய்த முஸ்லிம்களான மரக்காயர்களின் கப்பல் போன இடமெல்லாம் இதுவும் போய் வந்திருக்கிறது. அரைக்கிலோ வாங்கி முன் சீட்டில் வைத்தேன். தூத்துக்குடி போய்ச் சேரும்போது கால்கிலோதான் இருந்தது.

சாயல்குடியிலிருந்து வேம்பார் வரைக்கும் போகிற ரோடு இருக்கிறதே, அதில் வண்டியை நாற்பதுக்கு மேல் ஓட்ட மனசு வரவில்லை. ஒரு பக்கம் சீமைக்கருவேலம், ஒரு பக்கம் பனை, பனை, பனை. இடையிடையே கடல் ஒரு கோடாகத் தெரிந்து மறையும். ஒரு குடிசை வாசலில் பதநீர்ப் பானையைப் பார்த்து நிறுத்தினேன். சீசன் இப்போதுதான் தொடக்கம். உள்ளே ஒரு அம்மா பெரிய வாணலியில் கருப்பட்டிக்குப் பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். முதலில் நுரை வெள்ளையாகப் பொங்குகிறது, பிறகு மஞ்சள், பிறகு பழுப்பு. கூழ் பதம் வந்ததும் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்க்கிறார். உருண்டு நின்றால் இறக்கிவிட வேண்டியதுதான். வரிசையாக வைத்த சிரட்டைகளில் ஊற்றினார். எனக்கு ஓலைப் பட்டையில் பதநீர் கொடுத்தார். பானையில் தடவிய சுண்ணாம்பு நாக்கில் லேசாகக் காரும், அதோடு ஓலை வாசனை. இரண்டு பட்டை குடித்தேன். "இனிமே மரம் ஏற ஆள் இல்ல, எங்க வீட்டுக்காரரோட சரி" என்றார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறானாம்.

இனி உன் ஊர். தூத்துக்குடிக்குள் நுழைவதற்கு முன்னாலேயே உப்பு வந்துவிடுகிறது. பாத்திகளில் தண்ணீர் இன்னும் முழுசாக வற்றவில்லை, ஓரத்தில் மட்டும் வெள்ளை பூத்திருந்தது. அது கடல்நீர் என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன், போர் போட்டு எடுக்கிற உவர்நீர்தான் பெரும்பாலும் என்று அங்கே வேலை செய்தவர்கள் சொன்னார்கள். கால் வெடித்துப் போயிருந்தது அவர்களுக்கு. உப்பு நகரம் என்று நாம் பெருமையாகச் சொல்லும்போது அந்தக் கால்களைச் சேர்த்துச் சொல்வதில்லை.

உன் அப்பா பாளையங்கோட்டை ஹாஸ்டலுக்கு வாங்கி வருவாரே, அந்தக் கடையில் மக்ரூன் வாங்கினேன். நீ ட்ரங்குப் பெட்டிக்குள் பூட்டி வைத்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. முட்டை வெள்ளை, சீனி, முந்திரி, வேறொன்றும் இல்லை. ஆனால் அந்தக் கூர்முனை பல்லில் பட்டதும் பொடிந்து, அடிப்பாகம் மட்டும் ஜவ்வென்று இழுக்கிறதே, அதை மதுரையில் எந்தக் கடையும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ராத்திரி பரோட்டா சால்னா. கடையில் நான் ஒருத்திதான் பெண், ஆனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உன் ஊர்க்காரர்களுக்குப் பரோட்டா முன்னால் வேறெதுவும் கண்ணில் படாது போலிருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் காயல்பட்டினம். ஆத்தூரில் தாமிரபரணியைத் தாண்டும்போதே நேரமாகிவிட்டது. (கொற்கைக்குப் போக ஆசை. துறைமுகமாக இருந்த ஊர் இப்போது கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. அடுத்த முறை.) நோன்பு திறக்கிற நேரம். ரோட்டோரம் சூடாக வாடா பொரித்துக்கொண்டிருந்தார்கள், அரிசி மாவில் இறாலும் தேங்காயும் சேர்த்தது. காசு கொடுக்கக் கை நீட்டினேன். அந்தப் பையன் ஒரு கிண்ணம் கஞ்சியையும் சேர்த்து நீட்டி, "மொதல்ல குடிங்க சாச்சி, பாங்கு சொல்லப் போறாங்க" என்றான். வெந்தயமும் பட்டையும் மணக்கிற கஞ்சி. நாள் முழுக்கத் தொதல் தின்றவள் நான், பட்டினி கிடந்த கூட்டத்தோடு நின்று வெட்கமில்லாமல் குடித்தேன். கஞ்சிக்குக் காசு வாங்கவே இல்லை.

திருச்செந்தூரில் நிற்க இடமில்லை. பச்சை கட்டிய பாதயாத்திரைக் கூட்டம். கோபுரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உடன்குடிக்கு வந்துவிட்டேன். கருப்பட்டி வாங்கினேன், உனக்கும் சேர்த்து. புவிசார் குறியீடு கிடைத்த கருப்பட்டி என்று போர்டு இருந்தது. வேம்பார் அம்மா சிரட்டையில் ஊற்றியதற்கு அப்படி ஒரு போர்டு இல்லை, ருசியில் எனக்கு வித்தியாசமும் தெரியவில்லை.

பிறகு மணப்பாடு. ராஜி, ஏறத்தாழ அறுபது கிலோமீட்டரில் இப்படி ஒரு ஊரை வைத்துக்கொண்டு நீ ஒருநாள்கூட என்னைக் கூட்டிப் போகவில்லை! கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற மணல் மேடு, உச்சியில் திருச்சிலுவைக் கோயில், 1581-ல் கட்டியது. மேட்டின் ஒரு பக்கம் அலை அடிக்கிறது, இன்னொரு பக்கம் கழிமுகம் அசையாமல் கிடக்கிறது. கீழே சவேரியார் தங்கிய குகை, அதற்குள் கடலை ஒட்டியே நல்ல தண்ணீர்க் கிணறு. திருச்செந்தூர் நாழிக்கிணறும் அப்படித்தானே, உப்புக்கரையில் இனிக்கிற தண்ணீர். தவக்காலம் என்பதால் ஊரில் சத்தம் குறைவு. பெண்கள் சிலுவைப்பாதை சொல்லிக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். நான் மத்தியானம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் கூட வந்திருந்தால் இருபது நிமிஷத்தில் "பார்த்தாச்சில்ல" என்றிருப்பார். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் 'போகலாமா' என்று யாரும் கேட்காத ஒரு மத்தியானம் எனக்கு எப்போது கிடைத்தது என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

குட்டம், உவரி பக்கம் மண் சிவந்துவிடுகிறது. தேரிக்காடு. உவரியில் கப்பல் வடிவத்தில் மாதா கோயில், பக்கத்திலேயே சுயம்புலிங்கம். கூடங்குளத்தைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. கன்னியாகுமரியில் கண்ணாடிப் பாலத்துக்குக் கூட்டம் அலைமோதியது, படகு வரிசையைப் பார்த்ததுமே வண்டியைத் திருப்பிவிட்டேன்.

முட்டத்தில் ஒரு சின்னக் கடையில் மசித்த மரச்சீனிக் கிழங்கும் (நம்ம மரவள்ளிதான்) சாளை மீன் போட்ட புளிமுளக் குழம்பும். இதைத்தான் இந்தப் பயணத்தின் சிறந்த சாப்பாடாகச் சொல்வேன். கிழங்கு வெள்ளையாக, மேலே கடுகு தாளிப்பு. குழம்பில் தேங்காய் நைஸாக அரைத்து, புளி தூக்கலாக. முள்ளோடு மென்றுவிடலாம். வேம்பாரிலிருந்து வந்தவளுக்கு இது வேறு நாடு மாதிரி இருந்தது. எல்லாம் ஒரே கரைதான், ஆனால் ஊருக்கு ஊர் தேங்காயின் அளவு மாறிக்கொண்டே வருகிறது.

இப்போது உன் விஷயம். பேரனுக்காகப் புனே போவதா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். போ, ஆனால் ஆறு மாதம் என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் போ. தேதி சொல்லாமல் போனால் நீ அங்கேயே சமையல்கட்டோடு ஒட்டிக்கொள்வாய். அதற்கு முன்னால் ஒரு வாரம் இந்தப் பக்கம் வா. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, நல்ல மீன் கிடைக்காது. அது தொடங்குவதற்குள் வந்தால் உன்னை மணப்பாட்டுக்கு நானே கூட்டிப் போகிறேன். வண்டியில் பாட்டு என் இஷ்டம், நிறுத்துகிற இடம் உன் இஷ்டம்.

மக்ரூனைக் கூரியரில் போட்டால் தூளாகத்தான் வரும், அதனால் நானே தின்றுவிட்டேன். கருப்பட்டியை நாளைக்கு அனுப்புகிறேன். கொதிக்கிற பாலில் போட்டுத் திரிய விட்டுவிட்டு என்னைத் திட்டாதே, இறக்கி வைத்து அப்புறம் கலக்கு. தேதியைச் சீக்கிரம் எழுது.

உன்,
மீனா