சம்பளப் பட்டியலின் இரண்டாவது நிரல்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருப்பதை அறிந்து ஆறுதலடைந்தேன். இங்கே அனைவரும் நலம்.

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ மாநகர சபையில் வீட்டுப் பராமரிப்புப் பணியில் இருந்த காலத்தைப் பற்றி நீ எழுதிய பக்கங்களை மூன்று முறை படித்தேன். 2018 ஒக்டோபரில் 8,000க்கும் மேற்பட்ட பெண்கள் சம ஊதியம் கேட்டு இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்ததை நான் முன்பே அறிவேன். ஆனால் குப்பை அள்ளும் ஆண் தொழிலாளர்கள் உங்கள் மறியல் வரிசையைத் தாண்ட மறுத்து வேலையை விட்டு நின்றார்கள் என்பதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. கூடுதலாகப் பெற்றவர்களே குறைவாகப் பெற்றவர்களுக்காக நிற்பது எளிதில் நடக்கிற காரியமல்ல.

அதைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்கள் சபையின் சம்பளத் திட்டத்தில் இருந்த 37 மணி நேர விதி. வாரத்துக்கு 37 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கே குறிப்பிட்ட மேலதிகக் கொடுப்பனவு என்று எழுதிய இடத்தில் ஆண் என்றோ பெண் என்றோ ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் பிள்ளைகளையும் முதியவர்களையும் கவனித்துக்கொண்டு பகுதிநேரம் வேலை செய்த பெண்களே பெருமளவில் அதற்கு வெளியே நின்றார்கள். பிரித்தானியாவில் சம ஊதியச் சட்டம் 1970இலேயே நிறைவேறியிருந்தும், ஏறத்தாழ 50 கோடி பவுண் இழப்பீட்டுக்கு உங்கள் சபை இணங்க 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பணத்தைத் திரட்டத் தன் கட்டடங்களையே விற்று வாடகைக்குத் திரும்பப் பெற்றதாம். காலத்தே கொடுத்திருந்தால் இந்த நிலை வந்திருக்குமா?

நம் நாட்டிலும் சட்டத்துக்குக் குறைவில்லை. அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரை பால் அடிப்படையிலான பாரபட்சத்தைத் தடுக்கிறது. சம ஊதியம் பற்றிய 100ஆம் இலக்க சர்வதேசத் தொழில் சமவாயத்தை இலங்கை 1993இல் ஏற்றுக்கொண்டது. ஒரே பதவிக்கு ஒரே அடிப்படைச் சம்பளம் என்பதில் தகராறு இல்லை. தகராறு சம்பளப் பட்டியலின் இரண்டாவது நிரலில், அதாவது கொடுப்பனவு நிரலில், தொடங்குகிறது. நான் சம்பளப் பிரிவில் இருந்த சபையில் (பெயர் வேண்டாம்) தெருக் கூட்டும் பெண்களுக்கும் லொறியில் போகும் ஆண்களுக்கும் நாட்கூலி ஒன்றே. ஆனால் மேலதிக நேரக் கொடுப்பனவு லொறிக்கு மட்டும், லொறியில் பெண்களை ஏற்றுவதில்லை. நிரந்தர நியமனத்துக்குப் பெயர் அனுப்பும்போதும் லொறிக்காரர்களே முன்னால் வருவார்கள். ஒருநாள் ஒரு அக்கா கைநாட்டு வைத்துவிட்டு, "மிஸ், அவரும் நானும் விடிய ஐந்து மணிக்குத்தானே வாறம்?" என்று கேட்டார். சுற்றறிக்கை அப்படித்தான் என்று சொல்லி அனுப்பினேன். அந்தச் சுற்றறிக்கையை நான் ஒருநாளும் எடுத்துப் பார்த்ததில்லை. அது இன்றுவரை என்னை வருத்துகிறது.

2018 தேர்தலிலிருந்து உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு உண்டு. வரவு செலவுத் திட்டம் வரும்போது அந்த உறுப்பினர்கள் கொடுப்பனவு நிரலையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். தங்கையின் மகள் இப்போது ஒரு பிரதேச சபையில் வேலை பார்க்கிறாள். தொழிற்சங்கக் கூட்டத்தில் இதைப் பேசத் துணிந்திருக்கிறாள். சமைப்பதையும் துடைப்பதையும் குப்பை அள்ளுவதையும் ஒரே அளவுகோலில் வைத்து மதிப்பிட்ட படிவங்கள் உன்னிடம் இருந்தால், உன் பழைய சம்பளச் சீட்டு ஒன்றையும் சேர்த்துத் தபாலில் அனுப்பு. கூட்டம் அடுத்த மாதக் கடைசியில்.

அன்புடன்,
உன் பள்ளித் தோழி