கூண்டுக்கு முன் குஞ்சு வேண்டும்

கடல் கூண்டு மீன் வளர்ப்புத் திட்டங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கு, ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் வட்டாரக் கூண்டு வளர்ப்போரின் வணக்கம்.

கூண்டுக்கான இவ்வாண்டு மனு அறிவிப்பைப் படித்தோம். விட்டம், மானியம், இணைக்க வேண்டிய சான்றுகள் எல்லாம் இருக்கின்றன. மீன்குஞ்சு எந்த மாதம் கிடைக்கும் என்ற வரி மட்டும் இல்லை. போன முறையும் இல்லை.

எங்கள் வடகடல், அதாவது பாக் விரிகுடா, ஆண்டு முழுவதும் கூண்டைத் தாங்காது என்பது உங்களுக்குத் தெரியும். வாடை ஓய்ந்து பிப்ரவரிக்குள் குஞ்சு விட்டால்தான் அடுத்த வாடைக்கு முன் மீனைக் கரையேற்ற முடியும். கடல்விரால் (கோபியா மீன்) நன்றாகத் தின்றால் ஏழு மாதத்தில் சுமார் 3 கிலோ தேறும். பிப்ரவரியில் விட்டது செப்டம்பரில் விலைக்கு நிற்கும். அதே குஞ்சு மே மாதம் வந்தால் அக்டோபரில் பாதி எடைதான். அதைக் கேட்ட விலைக்கு அள்ளிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வாடைக் கடலில் விட்டுவைத்து, நங்கூரம் இழுபட்டு வலை கிழிவதைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மே மாதக் குஞ்சை வாங்கிக்கொள்ளச் சொல்வது எங்களுக்குச் செய்யும் உதவி அல்ல.

வரும் குஞ்சும் அளவு ஒத்ததாக இருக்க வேண்டும். 6 மீட்டர் கூண்டுக்கு 750 குஞ்சு என்பது கணக்கு. ஒவ்வொன்றும் 15 செ.மீ. நீளம் இருந்தால்தான் அது கணக்காகும். விரலளவுக் குஞ்சும் சாண் நீளக் குஞ்சும் கலந்து வந்தால் பெரியது சின்னதைத் தின்றுவிடும். தரம் பிரிக்காமல் கொடுத்துவிட்டு, பிழைப்பு விகிதம் ஏன் குறைந்தது என்று எங்களிடம் கேட்பது நியாயமில்லை.

இதற்கான அறிவு இங்கேயே இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் 2010இல் கடல்விராலையும் 2011இல் பாம்பனோ மீனையும் குஞ்சு பொரிக்க வைத்தது. கொடுவாய் மீனுக்கு அதற்கும் முன்பே வழி கண்டாயிற்று. கடல்விரால் சினை மீனில் பெண்ணுக்குக் கிலோவுக்கு 500 அலகும் ஆணுக்கு 250 அலகும் ஹார்மோன் ஊசி போட்டால், ஏறக்குறைய ஒன்றரை நாளில் முட்டை விடும். மறுநாள் பொரிந்து, மூன்றாம் நாள் வாய் திறக்கும். அந்த நேரத்தில் ரோட்டிஃபர் என்னும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் இரை தயாராக இல்லையென்றால் தொட்டி முழுவதும் செத்துவிடும். பிறகு ஆர்ட்டீமியா என்னும் சிற்றிறால் குஞ்சு, அதன்பின் தூள் தீவனம். கூண்டில் விடும் அளவுக்கு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். ஆகவே பிப்ரவரிக் குஞ்சுக்கு நவம்பரிலேயே ஊசி போட்டாக வேண்டும். குஞ்சை உறுதி செய்த பிறகு கூண்டைக் கொடுங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எந்தக் கடல் மீனையும் வளர்த்துவிடலாம் என்று மேடையில் பேசாதீர்கள். அதைக் கேட்டுவிட்டு வஞ்சிரம் வளர்க்க மனு எழுதும் இளைஞர்கள் இருக்கிறார்கள். நம் சந்தைக்கு வரும் வஞ்சிரம் கடலில் பிடித்ததுதான். வஞ்சிரத்துக்கு உறவான சூரை இனத்தில் நீலத்துடுப்புச் சூரையை முட்டையிலிருந்து முட்டை வரை வளர்க்க, ஜப்பானின் கின்கி பல்கலைக்கழகத்துக்கு 1970இல் தொடங்கி 2002 வரை பிடித்தது. மிரண்டு பாயும் குஞ்சுகள் வலையில் மோதி முள் முறிந்து செத்தன. ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கனில் இன்றும் கடலில் பிடித்த இளம் சூரையைத்தான் கூண்டில் கொழுக்க வைக்கிறார்கள்.

வளர்க்க முடிந்த மீனும் கடலைத்தான் தின்கிறது. கூண்டுக்கு 600 கடல்விரால் தேறினால் 1,800 கிலோ. கிலோவுக்கு ஆறு கிலோ சூடையும் சாளையும் போட்டால் பத்து டன்னுக்கு மேல் போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். குஞ்சு வேகமாக வளர வேண்டிய அந்த 61 நாளும் விசைப்படகு கடலுக்குப் போகாது, தீவன மீன் விலை ஏறிவிடும். குருணைத் தீவனத்துக்கும் மானியத்தில் இடம் வேண்டும்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: குஞ்சை உறுதி செய்த பிறகு கூண்டைக் கொடுங்கள். என்ன மீன், எந்தப் பொரிப்பகம், எத்தனை குஞ்சு, என்ன அளவு, எந்த மாதம் என்பதை அறிவிப்பிலேயே அச்சிட்டு, தயவுசெய்து அக்டோபர் முடிவதற்குள் வெளியிடுங்கள். அதற்குப் பிறகு சொன்னால் பிப்ரவரிக் குஞ்சு கைக்கு வராது.

இப்படிக்கு,
வடகடல் கூண்டு வளர்ப்போர்