மாவடு போடுகிறோம்: ஞாயிறு காலை மொட்டை மாடிக்கு வாருங்கள்

அனைவருக்கும் வணக்கம். சந்தைக்கு மாவடு வந்துவிட்டது. வரும் ஞாயிறு (மார்ச் 15) காலை 7 மணிக்கு மொட்டை மாடியில் சேர்ந்து வடு போடுகிறோம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும்.

1. எத்தனை கிலோ வேண்டும் என்பதை வெள்ளி இரவு 8 மணிக்குள் இங்கே எழுதுங்கள். சனிக்கிழமை விடியற்காலையில் வாங்கப் போகிறோம்.

2. உருண்டை வடுவா, நீள வடுவா என்ற விவாதம் வேண்டாம். காம்போடு, அடிபடாமல் இருப்பதையே வாங்குவோம்.

3. ஜாடி அவரவருடையது. பீங்கான் அல்லது கண்ணாடி. கழுவி வெயிலில் காய வைத்தது. வடுவைத் துடைக்கப் பருத்தித் துணியும் தேவை.

4. கல் உப்பு, மஞ்சள்தூள், விளக்கெண்ணெய் பொதுவில் வாங்குகிறோம். கிலோவுக்கு 150 கிராம் உப்பு. குறைத்தால் வடு கெட்டுவிடும். உப்பு ஆகாதவர்கள் சாப்பிடும்போது ஒரு வடுவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

5. வீட்டில் தினமும் இருவேளை ஜாடியைக் குலுக்குங்கள். நாலைந்து நாளில் தோல் சுருங்கி, நீர் விட்டிருக்கும். அந்த நீரிலேயே மிளகாய் வற்றலும் கடுகும் அரைத்துச் சேர்க்க வேண்டும். ஈரக் கை படவே கூடாது.

செலவு கிலோ கணக்கில் பிரிக்கப்படும். பதிலில் வீட்டு எண்ணும் கிலோவும் இருக்கட்டும். கட்டைவிரல் படம் மட்டும் போட்டால் கணக்கில் வராது.