பீன்யா ஷெட்டில் புது வெல்டிங் மெஷின், ஞாயிறு காலை வாங்க

எல்லோருக்கும் வணக்கம். நம் ஐடிஐ பேட்ச் காசு போட்டு வாங்கிய மெஷின் ஷெட்டுக்கு வந்துவிட்டது, மிக் (கம்பி தானாக வரும் வெல்டிங்), டிக் (டங்ஸ்டன் முனை வெல்டிங்), ஸ்டிக் (ராட் வெல்டிங்) மூன்றும் ஒரே பெட்டியில். நேற்று இரவே 3 மி.மீ. எம்எஸ் (சாதா இரும்பு) தகட்டில் மிக் போட்டுப் பார்த்தேன், கம்பி திக்காமல் வந்தது, தெறிப்பு குறைவு, தையல் போட்டதுபோல வரிசையாக விழுந்தது, ரொம்ப சந்தோஷமாக இருந்தது. ஸ்டிக்கில் 6013 ராடும் தொட்டதுமே பற்றிக்கொண்டது. டிக்கில் டிசி (நேர் மின்னோட்டம்) மட்டும்தான், எஸ்எஸ்ஸுக்கு (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போதும், அலுமினியத்துக்கு ஆகாது. எர்த் கேபிள் குட்டை, மாற்றியே ஆக வேண்டும்.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு எல்லோரும் ஓட்டிப் பார்க்கலாம்.

1. ஹெல்மெட், தோல் கையுறை, ஷூ கட்டாயம். பருத்திச் சட்டை போடுங்கள், பாலியஸ்டர் வேண்டாம்.
2. மிக்குக்கு ஆர்கான், சிஓ2 கலவை. டிக்குக்குச் சுத்த ஆர்கான். சிலிண்டரை மாற்றாமல் டிக்கைத் தொடாதீர்கள், டங்ஸ்டன் கருகிவிடும்.
3. கேஸ் இல்லாமல் ஃப்ளக்ஸ் கம்பி (உள்ளே பொடி உள்ள கம்பி) போடுபவர்கள் முதலில் டார்ச்சை மெஷினின் நெகட்டிவ் முனைக்கு மாற்றுங்கள்.
4. டியூட்டி சைக்கிள் 60%, அதாவது முழு ஆம்பியரில் 10 நிமிடத்துக்கு 6 நிமிடம்தான், அப்புறம் ஆறவிடுங்கள்.
5. வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கேயே சொல்லுங்கள், சிலிண்டருக்குச் சொல்லி வைக்க வேண்டும்.