ஞாயிறு காலை 10 மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றார்

எல்லாருக்கும் வணக்கம். கூட்டம் பிள்ளையார் கோயில் மண்டபத்தில். செயின் பறிப்புக்கு அப்புறம் 3 தடவை ஸ்டேஷனுக்கு நடந்து, இப்பத்தான் தேதி கிடைச்சிருக்கு. வீட்டுக்கு ஒருத்தராவது வாங்க.

ரோந்து வர்ற போலீஸ் கையெழுத்து போடுறதுக்காகக் கோயில் சுவரில் தொங்குற பட்டா புத்தகத்தை நேத்து புரட்டினேன். 11 நாளா ரோந்து கையெழுத்தே இல்லை. படம் எடுத்து வச்சிருக்கேன், பேச்சை அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

தெருவுக்கு கேமரா வைக்கச் சொல்வார். வைப்போம். ஸ்டேஷன் கேமரா ஓடுதான்னு நாமளும் கேட்கணும். லாக்கப் உட்பட எல்லா இடத்திலும் கேமரா, பதிவு 18 மாசம் இருக்கணும்னு உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரிலேயே சொல்லிடுச்சு. 2020-ல் அப்பா, மகன் காவலில் இறந்த சாத்தான்குளம் ஸ்டேஷனில் அன்னன்னிக்குப் பதிவு தானா அழியுற மாதிரி வச்சிருந்தது மறந்திருக்காது.

பசங்களைத் தடியோட ராத்திரி சுத்த விடலாம்னு குழுவில் சிலர் சொல்றீங்க. எனக்கு உடன்பாடில்லை. போலீஸுக்கு உதவின தன்னார்வலர் அமைப்பு ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸையே அரசு 2020 ஜூலையில் தடை செஞ்சது. விசில், தெருவிளக்கு, அவசர எண் 112 போதும்.

புகார் கொடுத்தவங்க சி.எஸ்.ஆர். ரசீதோட (புகாரை வாங்கினதுக்கு ஸ்டேஷனில் தர்றது) வாங்க. எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தா நகல் இலவசம், கேட்டு வாங்குங்க.

டீ, பிஸ்கட் பொறுப்பு இரண்டாவது தெரு.